ஓணான் வாய் திறந்த காட்சி

இன்று காலை அருமனை சந்திப்பில் ஒட்டுப்பால் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று என் பைக்குக்கு முன்னால் நின்றது. காய்ந்த ரப்பர் பாலின் அந்தப் புளித்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. நீ இறந்துபோய் இரண்டு மாதம் ஆகிறது. நாற்றத்தோடு உன்னை நினைத்ததற்குக் கோபிக்காதே. நாம் சேர்ந்து எடுத்த ஒரே சினிமாவுக்கு அந்த வாசம்தான்.

ராட்சத ஓணான் ஊரை அழிக்கிற கதை. கிராபிக்ஸுக்கு வழியில்லை. உங்கள் ரப்பர் தோட்டத்தில் அட்டைப்பெட்டிகளால் கடைத்தெரு கட்டி, உயிருள்ள ஓணானைப் பிடித்து நடுவில் விட்டோம். நீ டைரக்டர், என் செல்போன்தான் கேமரா. ஓணானோ பாவம்போல் உட்கார்ந்திருந்தது. அரக்கக் களை வர வேண்டுமென்று முதுகில் ரப்பர் பாலைப் பூசி முள் முள்ளாக ஒட்டினோம்.

"நம்ம கையில ஒட்டுனா உரிச்சுப் போடுவோம்லா மக்கா, அது போலத்தான்" என்றாய்.

நானும் நம்பினேன். உலர்ந்த பாலை விரலிலிருந்து உரித்து உருட்டி விளையாடியே வளர்ந்தவர்கள் நாம். ஓணானுக்கு உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் விட்ட இடத்தில் இல்லை. பிழைத்துப் போனதா, காக்கை கொண்டுபோனதா, இன்றுவரை தெரியாது. ஆனால் பால் காய்ந்து இறுக இறுக அது வாயைப் பிளந்த காட்சியைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள். படத் தொடக்கத்தில், எந்த உயிரும் துன்புறுத்தப்படவில்லை என்று வேறு எழுதிப் போட்டிருந்தோம். எல்லாரும் போடுகிறார்களே, நாமும் போட்டோம்.

அன்று இன்னொரு டேக் கேட்டது நீ, தடுத்தது நான். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உன்மேல் உள்ளுக்குள் ஒரு வருத்தமும் இருந்தது.

போன வாரம் உன் தங்கச்சி போன் செய்தாள். படத்தில் டப்பிங் பேசியது வேறு ஆள் என்பதால், "அண்ணனுக்க சத்தம் எதிலயாவது கெடக்குமா?" என்று கேட்டாள். பழைய மெமரி கார்டைத் தேடி எடுத்தேன். வெட்டாத காட்சி ஒன்று கிடைத்தது.

"போரும் மக்கா. அதுக்கு மூச்சு முட்டுது, விட்டுருவோம்." அது நீ.

"இருலே. வாயத் தொறக்குதுலா, இன்னும் ஒரு டேக்." அது நான்.

திரும்பத் திரும்பக் கேட்டேன். அப்படியானால் நான் நினைவு வைத்திருந்தது எதை? வெட்கமாக இருந்தது. உன் குரலை மட்டும் வெட்டித் தரலாமென்று பார்த்தால், இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. முழுவதையும் அனுப்பிவிட்டேன்.

கேட்டுவிட்டு அழுதாள். நீ பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கிறது என்றாள். மற்றக் குரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே என் குரல் தெரிந்தவள் அவள். உன்மேல் வைத்திருந்த வருத்தத்தை இனி எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன்.