கப்பல்காரி கேட்ட கேள்வி

பயணிகள் கப்பலில் படுக்கை விரிக்க மாதச் சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு, உடுப்பு: கப்பல்காரர்கள் போட்டிருக்கும் விலை இது. இதே வேலையை நீ இருபத்திரண்டு வருடமாக எனக்கு இனாமாகச் செய்கிறாய் என்பது நேற்றுத்தான் உறைத்தது.

அந்த வேலைக்கான தேர்வு நன்றாகப் போனது என்று சொன்னேனே, பொய். "அனுபவம் வேண்டாம் சார், ஒரு படுக்கை மட்டும் போட்டுக் காட்டுங்க" என்றாள் அந்த அதிகாரி. நான், மூடிப்போன நம் துணிக்கடைப் பழக்கத்தில் விரிப்பை உதறி அவளிடம் நீட்டி, "தொட்டுப் பாருங்கம்மா, சாயம் போகாது" என்றுவிட்டேன். அறையே சிரித்தது. பிறகு தலையணை உறைக்குள் என் கைதான் போனது, தலையணை போகவில்லை. "வீட்டுல யாரு சார் படுக்கை போடுறது?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்தால் நீ, "துண்டைக் கொடியில போடத் தெரியாத முதலாளி கப்பலைத் துடைக்கப் போறாராம்!" என்றாய். நீ சொன்னது உண்மை என்பதால்தான் அப்படிக் கத்தினேன்.

இன்று பத்து மணிக்கு இன்னொரு முறை வரச் சொல்லியிருக்கிறாள். அதுதான் கடைசி வாய்ப்பு. நீ வேலைக்குக் கிளம்பியதிலிருந்து நம் கட்டிலில் பழகினேன். சாவி பக்கத்து வீட்டில். சாப்பாடு மூடியிருக்கிறது.

தாளின் ஓரத்தில் எழுதுகிறேன், இடமில்லை: படுக்கையைத் திருத்தாதே. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நான் வீட்டில் இருக்கிறவரை அது என் பொறுப்பு.

இதற்கும் கீழே: நீ விரித்தது எட்டாயிரத்து முப்பது, லீப் வருடங்கள் தள்ளுபடி. நான் விரித்தது ஒன்று, அதுவும் கோணல்.