பதினான்கு என்று காட்டிய காற்று

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அக்காவும் பிள்ளைகளும் நலம், உன் அப்பா நலமா இல்லையா என்பதை இதைக் கடைசி வரை படித்துவிட்டு நீயே சொல். நீ நலம் விசாரிக்க வேண்டாத அளவுக்கு நலமாக இருப்பது எனக்குத் தெரியும், போனில் அரை மணி நேரம் அப்பாவுக்கு உபதேசம் பண்ணத் தெம்பு இருக்கிறதே. நானும் போனிலேயே பேசியிருப்பேன், ஆனால் நான் வாயைத் திறந்தால் உடனே 'இரும்மா, வேற கால் வருது' என்பாய். கடிதத்துக்கு நடுவில் வேறு கால் வராது, உட்கார்ந்து படி.

அக்காவின் சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரித்தால் பார்க்க வேண்டும். வாசல் கேட் மறுபடியும் கிறீச்சென்று கத்துகிறது, அதற்கு எண்ணெய் விடுகிற மனுஷர் தோளில் கட்டோடு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கட்டுப் பிரித்த பிறகு பழையபடி வேலை பார்க்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார், இவர்தான் பந்தல் தொழிலே வேண்டாமென்று துணி, குழாய், கயிறு எல்லாவற்றையும் விற்றுவிடப் போகிறாராம், மாதக் கடைசியில் வாங்குகிற ஆள் பார்க்க வருகிறாராம். ஏன் என்று கேட்டால் நீ சொன்னாயாம், 'வயசாயிடுச்சுப்பா, லேசான காத்துக்கே தடுமாறுறீங்க, இனிமே மேல ஏறாதீங்க' என்று. அதைக் கேட்டதிலிருந்து டம்ளரை வாங்கும்போதுகூட விரல் நடுங்குகிறதா என்று தன் கையைத் தானே பார்த்துக்கொள்கிறார்.

நடந்ததை நான் சொல்கிறேன், கேள். நீ லீவில் வந்தபோது அவருடைய பழைய போனை ஓரம் கட்டிவிட்டுப் புதுசு வாங்கிக் கொடுத்தாய், சந்தோஷம். என் சமையலறை டப்பாக்களையும் இடம் மாற்றி வைத்தாய், அதை விடு. உன் போனில் இருப்பது மாதிரியே அவர் போனிலும் எல்லாம் அமைத்துக் கொடுத்தாயே, அங்கேதான் வந்தது வினை. நீ இருக்கிற இடத்தில் காற்று நொடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்வார்களாம். நாங்கள் ரேடியோவில் கேட்ட காலத்திலிருந்து மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றுதான் பழகியவர்கள், முப்பதுக்குக் கீழே என்றால் ஏறுவோம், முப்பதைத் தாண்டினால் துணியை இறக்கிவிடுவோம். நீ போன பிறகு போன் மூன்று, நான்கு என்றே காட்டிக்கொண்டிருந்தது, 'காத்தும் லீவுல போயிடுச்சு போல' என்று சிரித்தார். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் பந்தல் போட்ட அன்று பதினான்கு காட்டியது. 'பதினாலுதானே, விசிறிக் காத்து' என்று ஏறிவிட்டார். மைதானத்தைச் சுற்றி மூன்று மாடிக் கட்டிடம், கீழே இருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. உச்சிக்குப் போனதும் துணி உப்பி அவரையே தூக்கப் பார்த்தது. குழாயை ஒரு கையால் கட்டிப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் வெளியே ஓடுங்கள் என்று கத்திக்கொண்டே பந்தல் எங்கள் மேல் சரிவதற்குள் மறு கையிலிருந்த கத்தியால் கயிறுகளை அறுத்துவிட்டார். துணி பறந்து மைதானத்தின் அந்தக் கோடியில் போய் விழுந்தது, கீழே நாற்காலி போட்டுக்கொண்டிருந்த என் மேலோ வேலையாட்கள் மேலோ ஒரு கீறல் இல்லை. அவர்தான் விழுந்தார். தூக்கி உட்கார வைத்ததும் முதலில் கேட்டது 'பதினாலு காத்துக்கா நான் விழுந்தேன்?' என்றுதான். போனை நம்பினார், தன் உடம்பை நம்பவில்லை.

விழுந்ததில் அந்தப் போனின் கண்ணாடியும் உடைந்தது. நேற்று மாற்றக் கொண்டுபோனேன், செல்போன் கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, 'காத்து மீட்டர்ல காட்டுதேம்மா, கிலோமீட்டருக்கு மாத்திடவா?' என்று ஒரு தட்டுத் தட்டினார், ஐந்து என்று இருந்தது பதினெட்டு ஆகிவிட்டது. அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். நொடிக்குப் பதினான்கு மீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மூவாயிரத்து அறுநூறு நொடி, பெருக்கினால் ஐம்பதாயிரத்து நானூறு மீட்டர். அவ்வளவு சுற்ற வேண்டாம், மூன்று புள்ளி ஆறால் பெருக்கினால் போதும் என்றார் கடைக்காரர், அப்படியும் பெருக்கினேன், அதே ஐம்பது. ஐம்பதுடா! ஐம்பது கிலோமீட்டர் காற்றில் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு கயிறு அறுத்த மனுஷரைத்தான் நீ லேசான காற்றுக்குத் தடுமாறுகிற கிழவர் ஆக்கிவிட்டாய்.

போனில் நீ மாற்றி வைத்தது தெரியாமல் செய்தது, அது போகட்டும். அப்பா உன்னிடம் பதினான்கு என்று சொன்னாரே, தினமும் மீட்டரில் காற்றைப் பார்க்கிற உனக்கு உறைக்கவில்லையா? எந்தக் கணக்கில் பதினான்கு என்று ஒரு வார்த்தை கேட்க நேரமில்லை, வயசைப் பற்றிப் பேச மட்டும் அரை மணி நேரம் கிடைத்ததா? நேற்றே அவரிடம் எல்லாம் சொன்னேன். 'எனக்கு ஆறுதல் சொல்றதுக்காகப் புள்ள மேல பழியப் போடாத' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், போட்ட கணக்கைக் காட்டினால் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. விற்பதும் விற்காததும் அவர் இஷ்டம், இனிமேல் ஏறாவிட்டாலும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் தப்புக் கணக்கை நம்பி அந்த மனுஷர் தன்னைக் கழித்துக் கட்டக் கூடாது. நான் சொன்னால் காதில் ஏறவில்லை, நீ சொல்லித்தான் உட்கார்ந்தார், நீ சொன்னால்தான் எழுந்திருப்பார்.

அதனால் இது கைக்குக் கிடைத்ததும் போன் பண்ணு, எனக்கு இல்லை, அவருக்கு. தோள் எப்படி, மாத்திரை போட்டீர்களா என்று ஆரம்பிக்காதே. 'அப்பா, அன்னிக்கு அடிச்சது ஐம்பது' என்று சொல், அதை முதலில் சொல், மற்றதெல்லாம் பிறகு. குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு, எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. உப்பு டப்பாவை எங்கே வைத்தாய் என்பதையும் மறக்காமல் சொல்.

இப்படிக்கு,
ஐம்பது கிலோமீட்டர் காற்றில் கயிறு அறுத்து என்னைக் காப்பாற்றியவரின் மனைவி,
உன் அம்மா