மூக்கில் இருந்த கொக்கி

இன்று மதியம் பட்டறைக்கு அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. கட்டைப் பிரித்ததும் பசை வாடை அடித்தது. மேல் பக்கத்தில் எஞ்சின் படம். பக்கவாட்டில் சின்ன எழுத்தில் "அளவும் அமைப்பும் சரிபார்த்தவர்" என்று போட்டு, அதற்குக் கீழே உன் பெயர். என் விரலெல்லாம் சிவப்புப் பெயிண்ட். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் அந்தப் பெயரும் போகப் பார்த்தது. அதை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மண்ணூர்பேட்டையில் பொம்மை ரயிலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று நான் வந்து சொன்ன அன்று நீ எவ்வளவு சிரித்தாய். பொம்மை என்றால் எங்கள் முதலாளித் தம்பிக்குக் கோபம் வரும், மாடல் என்று சொல்ல வேண்டும் என்றேன். அதற்கும் சிரித்தாய். அம்பாசமுத்திரத்தில் பிறந்து, இங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு இதில் இறங்கியவர் அந்தத் தம்பி. நிஜத்தில் எண்பத்தேழு அங்குலம் இருப்பது இதில் ஒரே அங்குலம். முழு எஞ்சினும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரு ஜன்னல் நகக்கண் அளவு தள்ளி இருந்தால்கூட வாங்குகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

புது டீசல் எஞ்சின் ஒன்று செய்யப் போவதாகத் தம்பி படம் காட்டினார். நீ ரயில்வே ஷெட்டில் முப்பது வருடம் வெல்டிங் போட்ட அதே ரகம். எங்க வீட்டுக்காரருக்கு இது தெரியும் என்று நான்தான் வாயை விட்டேன். மறுவாரமே இஸ்திரி போட்ட சட்டையோடு நீ பட்டறைக்கு வந்தாய்.

முதல் மாதிரியை மேசைமேல் வைத்தார்கள். எல்லாரும் குனிந்து பார்த்தோம். நீ அதை எடுத்து மேசை விளிம்பில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தாய். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை.

"கீழேந்து பாரு தம்பி. ரயில மேலேந்து பாக்கறது காக்கா மட்டும்தான்" என்றாய்.

கீழே இருந்து பார்த்ததும்தான் எஞ்சினின் முன்பக்க மூக்கு சப்பையாக இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது. படிக்கட்டு ஒன்று குறைந்திருந்தது. பக்கத்துக் கைப்பிடிக் கம்பியை விரலால் தடவிவிட்டு, "இந்தக் கம்பிய கையால புடிக்க முடியாது, கட்டித்தான் புடிக்கணும்" என்றாய். நீ சொன்னதையெல்லாம் தம்பி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். கம்பியை மெல்லிசாக மாற்றியதும் எங்களுக்குத்தான் பாடு. மூச்சு விட்டால் வளையும். பக்கத்து நாற்காலிக் கஸ்தூரி கம்பி ஒட்டுகிற ஊசியைக் கீழே போட்டுவிட்டு, "உன் ஊட்டுக்காரு எங்க கண்ணப் புடுங்காம உடமாட்டாரு போலக்கீதே" என்பாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

பிறகு நீ அந்தப் போட்டோவைக் கொண்டுவந்தாய்.

நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஆயுதபூஜைப் போட்டோ. அந்த வருடம் குடும்பத்தோடு ஷெட்டுக்குள் விட்டார்கள். எஞ்சின்களுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். உன் எஞ்சினுக்கு மட்டும் மாலை நிற்கவே இல்லை. விளக்கில் மாட்டினால் வழுக்கி வழுக்கி விழுந்தது. நீ சுற்றிலும் பார்த்தாய். ஒரு துண்டுக் கம்பியை வளைத்து, விளக்குக்குக் கீழே வைத்து, இரண்டே பொட்டு வெல்டிங் போட்டாய். நான் மாலையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றேன். யாரிடமும் சொல்லாதே, தெரிந்தால் மெமோ கொடுத்துவிடுவார்கள் என்றாய். அந்தக் கொக்கிக்கும் எஞ்சின் பெயிண்டையே அடித்துவிட்டாய். யாருக்கும் தெரியவில்லை.

தம்பி போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார். இது என்ன கொக்கி, எல்லா எஞ்சினிலும் இருக்குமா என்று கேட்டார். நான் கையில் தூரிகையோடு உன் முகத்தைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

"கீது. எல்லாத்துலயும் கீது" என்றாய்.

அன்று பஸ்ஸில் வரும்போது கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று. "இன்னாடி இப்போ, கடுகுல பாதி. அது கீறதால ரயிலு கவுந்துடப் போவுதா?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் எஞ்சினை ஏற்கெனவே வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அது எனக்கும் தெரியும். அதனால் மேலே கேட்கவில்லை. அது என் தப்பு. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், எஞ்சின் மூக்கு சரியாக வந்ததா என்று கேட்டாய். வந்தது என்றேன். அப்போதாவது கொக்கியைப் பற்றிக் கேட்டிருக்கலாம். மூச்சுக்குத் தவிக்கிற மனிதனிடம் எப்படிக் கேட்பது?

நீ போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்தார். பெட்டியில் உன் பெயரைப் போடப் போவதாகச் சொன்னார். நான் அழுதேன். கொக்கியைச் சொல்லவில்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஆவடிப் பெரியவர் வந்தார். அவரை நீ பார்த்ததில்லை. தொழிற்சாலையில் அளவு பார்க்கிற வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். வீடு முழுக்க மாடல் ரயில் வைத்திருக்கிறாராம். அவர் சரி என்று சொல்லிவிட்டால் வாங்குகிற கூட்டத்துக்கு அதற்குமேல் கேள்வி கிடையாது என்று தம்பி சொல்லியிருந்தார். கண்ணில் ஒரு லென்ஸ், கையில் அளவுக் கருவி, கட்டுக் கட்டாகப் போட்டோ. நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் அளந்துகொண்டே இருந்தார். நாங்கள் பெயிண்ட் அடிப்பதுபோல் குனிந்துகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூக்குப் பக்கம் வந்ததும் அவர் கை நின்றது. லென்ஸை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். தான் கொண்டுவந்த போட்டோக்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். ஒன்றிலும் கொக்கி இல்லை. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஷெட்டிலேயே முப்பது வருடம் இருந்தவர் சொன்னது, போட்டோவும் இருக்கிறது என்றார் தம்பி. ஒரு போட்டோவில் இருப்பது ஒரு எஞ்சின்தானே, மற்றதில் எங்கே என்றார் பெரியவர்.

"அவர் பொய் சொல்ல மாட்டார் சார்" என்றார் தம்பி.

நான் அடித்துக்கொண்டிருந்த மஞ்சள் கோடு கோணிவிட்டது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

தம்பி என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களும் ஷெட்டுக்குப் போயிருக்கீங்கல்ல. அண்ணன் சொன்னது சரிதானே?"

தலையை ஆட்டினால் போதும். பெரியவர் நம்பமாட்டார். ஆனால் தம்பி நம்புவார். உன் பெயர் பெட்டியில் இருக்கும். அந்தக் கொக்கியோடு ஊர் ஊராகப் போகும். தெரிந்தவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள், பெயரைப் படித்துவிட்டு இன்னும் சிரிப்பார்கள். கஸ்தூரி என் முழங்கையைக் கிள்ளினாள். "தலைய ஆட்டிட்டு உக்காரு. செத்த மனுசன் பேர ஏன் இழுக்குற" என்றாள் காதோரமாக.

நான் எழுந்து நின்றேன்.

"அது எஞ்சினோட வந்தது இல்ல தம்பி. அவரு வெச்சது. ஒரே ஒரு எஞ்சின்ல. நான்தான் மாலையப் புடிச்சினு பக்கத்துல நின்னேன்."

தம்பி கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நீ சொன்னதை எழுதிய நோட்டை இழுத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். அப்படியென்றால் இதில் எது நிஜம் என்று நினைக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. நோட்டை மூடிவிட்டு, பெயரை எடுத்துவிடுகிறேன் அக்கா, தப்பாக நினைக்காதீர்கள் என்றார்.

அப்போது எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"எடுக்கறதுன்னா எடுங்க. ஆனா அவரு சொன்ன மத்தத அளந்து பாத்துட்டு எடுங்க."

பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கொக்கியைத் தவிர நீ சொன்னவை பதினெட்டு. ஒவ்வொன்றாகப் படிப்பார், மாடலில் அளப்பார், தன் போட்டோவில் தேடுவார், பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோடு சரி என்பதா தப்பு என்பதா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது. யாரும் டப்பாவைத் திறக்கவில்லை. படிக்கட்டு விஷயத்தில் மூன்று தடவை அளந்தார். போட்டோவும் மாடலும் ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது. பதினெட்டில் இன்னொன்று பொய்யாகிவிட்டால் நான் வாயைத் திறந்ததற்கே அர்த்தம் இல்லை. உன்னை நானே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவர் பையைத் துழாவி வேறொரு போட்டோவை எடுத்தார். புல்லுக்கு நடுவில் நிற்கிற எஞ்சின். பக்கத்துத் தண்டவாளத்தில் உட்கார்ந்து எடுத்தது போல, தாழ்வாக இருந்து எடுத்தது. அதை வைத்து அளந்தார். கோடு இழுத்தார்.

நோட்டை மூடியபோது மணி மூன்று இருக்கும். பதினெட்டும் சரி என்றார். அவரே மூன்று இடத்தில் இத்தனை நாள் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தாராம். பிறகு என்னைப் பார்த்து, "அந்தக் கொக்கி எத்தனை நாள்ம்மா நின்னுச்சு?" என்று கேட்டார்.

"எஞ்சின வெட்டற வரைக்கும் நின்னுச்சு சார்."

அவர் சிரிக்கவில்லை. தம்பியிடம் திரும்பி, பெயர் இருக்கட்டும், கொக்கியை எடு என்றார். தம்பி உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. மூன்றாம் நாள் அச்சகத்துக்குப் போன் போட்டபோது உன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

முதல் தடவைக்கு வார்த்து வைத்திருந்த மூக்குகளில் எல்லாம் கொக்கி இருந்தது. அதைச் சீவுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பிளேடால் ஒரு கீறு, பிறகு உப்புத்தாளால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் நீ சரி பண்ணிக்கொடுத்த மூக்கே பள்ளமாகிவிடும். மூன்று நாள் ஆயிற்று. உன்னைத் திட்டிக்கொண்டேதான் சீவினேன். அந்தக் கொக்கியை நீ நிஜ எஞ்சினில் வைத்ததற்காகத் திட்டவில்லை. அது நல்ல காரியம். அன்று மாலை விழவே இல்லை. "ஒண்ணுல மட்டும் கீது தம்பி, நான் வெச்சது" என்று நீயே சொல்லியிருக்கலாம். தம்பி சந்தோஷமாகக் கேட்டிருப்பார். அந்த ஒரு வார்த்தையை என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். அதற்காகத்தான் திட்டினேன். திட்டுவதற்குக்கூட நீ எதிரில் இல்லையே என்று நடுநடுவே நிறுத்தி என் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

இன்று பெட்டி வந்த பிறகு பெரியவரும் வந்தார். முடிந்த எஞ்சினைக் கையில் எடுத்தார். தூக்கிப் பிடித்துக் கீழே இருந்து பார்த்தார். பிறகு நேராக என் மேசைக்கு வந்து, டிரைவர் உட்காரும் இடத்தை ஜன்னல் வழியாகக் காட்டி, அந்தச் சீட்டின் முதுகு இவ்வளவு உயரம் இருக்குமா என்று கேட்டார். தம்பி பக்கத்தில் நின்றார். கஸ்தூரியும் திரும்பிப் பார்த்தாள். எனக்கு என்னவோ சொல்ல வேண்டும் போல ஆசையாகத்தான் இருந்தது. ஐந்தாவதோடு நின்ற என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. நீயாக இருந்திருந்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பாய். தெரியாது என்ற சொல்லை இருபத்தாறு வருடத்தில் உன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

"தெரியாது சார். நான் உள்ள ஏறினது இல்ல" என்றேன்.

அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அதைத் தம்பியின் நோட்டில் எழுதச் சொன்னார். சீட்டின் முதுகு, இன்னும் பார்க்க வேண்டியது என்று எழுதி, அதற்கு எதிரில் என் பெயரைப் போட்டார் தம்பி. உன் பதினெட்டுக்குக் கீழே அது இருக்கிறது.