பால்பவுடர் டின்னில் ஒரு தொகுதி

நேற்றுச் சாயங்காலம் பர்வீன் வந்து கதவைத் தட்டினாள். கீழ்வீட்டுக்காரி, மீனா பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரரின் மனைவி. உனக்குத் தெரிந்தவள்தான். "அக்கா, அந்த ஓட்டு டின்னு ஒங்கக்கிட்டதானே இருக்கு? ஊர்ல எலெக்‌ஷன் வருதுல்ல, இவங்க கேட்டாங்க" என்றாள்.

சமையலறை மேல்தட்டில், கிராம்பு டப்பாவுக்குப் பின்னால் அது இருந்தது, கடைசியாக ஊருக்குப் போகும்போது நீ என்னிடம் விட்டுப்போனது. மூடியில் நீ கத்தியால் கீறிய துவாரம். ஓரம் இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது. திறந்தால் பழைய பால்பவுடர் வாசனை. இத்தனை வருடம் காகிதச் சீட்டுகளைத் தவிர வேறெதுவும் அதற்குள் போகவில்லை, ஆனாலும் அந்த வாசனை போகவில்லை. எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, எரிச்சல்தான். நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது, உன் தேர்தல் மட்டும் என் வீட்டு அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது.

நம் தொகுதியின் வரலாற்றை நீ சொல்லாத ஆள் பர் துபாயில் இருந்திருக்க முடியாது. லிஃப்டில் அகப்பட்டவர்களைக்கூட நீ விட்டதில்லை. தூங்குமூஞ்சி மரங்கள் நிழல் போடும் அகலமான தெருக்கள், உயரமான காம்பவுண்டுச் சுவர்கள், கிளப், சபா. அதே தொகுதியின் மறுபாதி கால்வாய்க்கரையும் மார்க்கெட்டும். நாம் சின்னவர்களாக இருந்தபோது கோட்டு போட்ட வக்கீல் ஒருவர் ஜெயித்தார். அவர் ஓட்டுக் கேட்டே வரவில்லை, கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தாராம். அடுத்து அவரைத் தோற்கடித்தவர் சைக்கிளில் வந்த இளைஞர். நம் தெருவுக்குள் நுழையவே இல்லை, கால்வாய்க்கரையிலேயே ஒரு மாதம் சுற்றினார். அதற்குப் பிறகு கட்சிகள் மாறின, கொடிகள் மாறின. நீ கண்டுபிடித்த விதி மட்டும் மாறவில்லை.

"நம்ம தொகுதியில ஜெயிக்கிறவன் நம்ம தெருவுக்கு வரமாட்டான்டீ. தோக்கப்போறவன்தான் நம்ம ஹால்ல உக்காந்து காபி குடிப்பான்."

அதைச் சொல்லிவிட்டு நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வராது. கல்லூரியில் அரசியல் படித்தவள் நான், நீ படித்தது தாவரவியல். நம் தெருக்காரர்கள் தேர்தல் நாளை விடுமுறையாக நினைத்து மகாபலிபுரம் போவார்கள், மறுநாள் பேப்பரைப் பார்த்துவிட்டு நாடு கெட்டுப்போயிற்று என்பார்கள். இதில் வரலாறு என்ன இருக்கிறது என்று கேட்பேன். "நீ ஒரு வறட்டு ஜென்மம்" என்பாய்.

தொண்ணூற்றொன்றில் அந்த டின்னுக்கு நீதான் துவாரம் போட்டாய். ஊரில் ஓட்டுப்போடும் வாரம், வெள்ளிக்கிழமை மத்தியானம், நம் தொகுதியிலிருந்து வந்த அத்தனை குடும்பமும் உன் ஹாலில். உன் வீட்டுக்காரர்தான் பாவம், வியர்த்துக்கொண்டே ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார். "இந்த ஊர்ல கூட்டம் போட்டு எலெக்‌ஷன் நடத்தறது விளையாட்டா? வாட்ச்மேன் கேட்டா பர்த்டே பார்ட்டின்னு சொல்லுங்க. எனக்கு விசா குடுத்திருக்கிற கஃபீலுக்கு யார் பதில் சொல்றது?" பொய் பொய்யாக இருக்கக் கூடாது என்று நீ ஒரு கேக்கும் வாங்கி வைத்தாய். அதிலிருந்து தேர்தல் என்றால் கேக். குழந்தைகள் ஓடி வந்து "ஹூஸ் பர்த்டே, ஆன்ட்டி?" என்று கேட்கும். "தொகுதிக்கு" என்பாய். அதுகளுக்குத் தொகுதி யாரோ ஒரு மாமா என்று நினைப்பு.

முதல் முறை டின்னில் ஜெயித்தவர் ஊரில் மூன்றாவதாக வந்தார். யாருக்கும் அது உறைக்கவில்லை. "படிச்சவங்க எல்லாரும் போட்டிருந்தா அவர்தான் வந்திருப்பார்" என்று பேசிக்கொண்டே கேக் தின்றார்கள். அந்தப் படித்தவர்கள் ஊரில் அன்று எங்கே போயிருந்தார்கள் என்று நான் கேட்டேன். நீ என் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தாய்.

தொண்ணூற்றாறில் உன் அண்ணன் நின்றார். சுயேச்சை. மேசை விளக்குச் சின்னம். நம் தெருவில் பிறந்து, அங்கேயே காது மூக்கு தொண்டை வைத்தியம் பார்த்தவர், பாதித் தொகுதியின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தவர். அது போதும் என்று நினைத்தார். நீயும் நினைத்தாய். அண்ணன் ஜெயிப்பதைவிட உனக்கு வேறொன்று முக்கியமாக இருந்தது: நம் தெருக்காரர்கள் ஒரு முறையாவது வீட்டை விட்டு வெளியே வந்து வரிசையில் நிற்க வேண்டும். "இந்தத் தடவையும் வரலைன்னா நாம யாரைப் பத்தியும் வாயே திறக்கக் கூடாது" என்றாய்.

அந்த வெள்ளிக்கிழமை உன் வீட்டு ஃபோன் ஓயவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் ஊருக்குப் பேசினார்கள். "அப்பா, மேசை விளக்கு. ஃபேன் இல்லப்பா, விளக்கு!" "மாமா, டாக்டர் நிக்கிறார், மறந்துடாதீங்க." குவைத் மங்காஃபிலிருந்து உன் சித்தி மகன் கூப்பிட்டு, தன் பங்குக்கு எட்டு வீடுகளுக்குச் சொல்லிவிட்டதாகப் பெருமையடித்தான். எல்லா வீட்டிலும் "ஆகட்டும்" என்றார்களாம். பிறகு டின்னைக் கவிழ்த்தாய். மேசை விளக்கு, மேசை விளக்கு, மேசை விளக்கு. ஒரே ஒரு சீட்டு வெறுமையாக இருந்தது. நான் மடிப்பது போல் நாலாக மடித்திருந்ததைப் பார்த்ததுமே என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"எங்க அண்ணனுக்குக்கூடப் போட மாட்டியா நீ?"

"இந்த டின்னுக்கு யார் ஜெயிச்சா என்ன?" என்றேன். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு திரைபோட்ட ஹாலில் ஜெயிப்பது ஜெயிப்பா?

முடிவு வந்தது. அண்ணனுக்கு டெபாசிட் போயிற்று. கால்வாய்க்கரையில் அவரைத் தெரியாது, அதில் ஆச்சரியமில்லை. நம் தெரு வாக்குச்சாவடியிலும் அவருக்குக் கிடைத்தது சொற்பம். நீ உன் அம்மாவைக் கூப்பிட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அம்மாவின் குரல் ஃபோனை விட்டு வெளியே வந்து எனக்கே கேட்டது.

"போகலைடீ. வெயில். டிரைவரும் லீவு."

"ஏம்மா, உன் பிள்ளை நின்னான்மா!"

"அவன் ஜெயிக்கப்போறதில்லைன்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சு எதுக்குக் க்யூவில நிக்கணும்?"

நீ ரிசீவரை வைத்துவிட்டாய். "கலாஸ்" என்றாய். முடிந்தது என்று சொல்ல உனக்கு அரபிச் சொல்தான் வந்தது, தமிழில் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அம்மாவோடு பேசவில்லை. பண்டிகைக்குக்கூட உன் வீட்டுக்காரர்தான் பேசினார். நான் எத்தனையோ சொன்னேன். எழுபது வயதுக் கிழவி ஒருத்தி வெயிலில் போகாததற்கு இவ்வளவா என்றேன். "அது அம்மாவோட பிரச்சினை இல்லடீ, அது நம்ம தொகுதியோட பிரச்சினை" என்றாய். பெற்ற தாயைத் தொகுதியாக்கிக் கோபித்துக்கொள்ள உன்னால்தான் முடியும்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. வைத்தியத்துக்கு ஊருக்குப் போனாய், அம்மா வீட்டிலேயே தங்கினாய், இருவரும் பேசாமலே ஒரே மேசையில் சாப்பிட்டீர்கள் என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். அந்த நேரம் பார்த்து நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. நீ இழுத்துக்கொண்டு போனது யாரை? அம்மாவை. உன்னால் நாலு அடி சேர்ந்தாற்போல் நடக்க முடியாத நாட்கள் அவை. அன்று நீ ஃபோனில் பேசியது என் காதில் இன்னும் இருக்கிறது. மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது.

"கேளுடீ. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டுப் போய் நின்னோம். என் பேர் இல்லை! அடிச்சுட்டாங்க. ஏன்னு கேட்டா, வீட்டுக்கு வந்து விசாரிச்சோம், பொண்ணு துபாய்ல இருக்கான்னு உங்கம்மாதான் சொன்னாங்கங்கறான்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"கேட்டாங்க, சொன்னேன், பொய் சொல்லச் சொல்றியான்னு என்னைக் கேக்கறா! அவ பேர் மட்டும் கல்லு மாதிரி இருக்கு. உள்ள போய்ப் போட்டுட்டு வந்தா. யாருக்கும்மான்னு கேட்டேன். அதெல்லாம் சொல்லக் கூடாதுங்கறா. அந்த மூஞ்சியைப் பாக்கணுமே நீ!"

அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசிக்கொண்டீர்கள் என்று தெரியும். எவ்வளவு நாள் பேசினீர்கள் என்று கணக்குப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். போன வாரம் உன் அம்மா எனக்கு ஃபோன் செய்தார்கள். இத்தனை வருடத்தில் முதல் முறை. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"மறுபடியும் ஓட்டாமே. போன தடவை அவ கூட்டிட்டுப் போனா. மருமக வெயில்ல வரமாட்டாளாம். இவன் தோத்ததுலேருந்து வீட்ல அரசியல் பேச்சே எடுக்கக் கூடாதுங்கறான். நீ வர்றியா?"

"அம்மா, எனக்கு ஸ்கூல் இருக்கே. இப்பதான் லீவு முடிஞ்சு திறக்கப்போறாங்க."

"அப்ப நான் போகலை" என்று வைத்துவிட்டார்கள். உன் அம்மா தானே, வேறு எப்படிப் பேசுவார்கள்?

இரண்டு நாள் அதை மறக்கப் பார்த்தேன். அந்த ஒரு ஓட்டால் நம் தொகுதியில் எதுவும் மாறாது. ஜெயிக்கப்போகிறவர் இந்த முறையும் நம் தெருவுக்கு வரவில்லையாம், தோற்கப்போகிறவர் உங்கள் ஹாலில் காபி குடித்துவிட்டுப் போனாராம். எனக்கு இது எல்லாம் தெரியும். தெரிந்தும் மூன்றாம் நாள் அல் குசைஸில் எங்கள் பிரின்சிபால் அறைக்கு முன்னால் நின்றேன். பள்ளி திறந்த மாதத்திலேயே நாலு நாள் லீவு. என்ன காரணம் என்றார். தேர்தல் என்றேன். அங்கே உங்களுக்கு ஓட்டு இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பத்து வருடமாக அவரிடம் நான் சம்பாதித்து வைத்திருந்த நல்ல பெயரெல்லாம் அந்த நிமிடத்தில் போயிற்று. உன்னால்தான்.

லீவு கிடைத்தது. டின்னைத் துடைத்து பர்வீனிடம் கொடுத்துவிட்டேன். "திரையை இழுத்துவிடச் சொல்லு. கேக் வாங்க மறந்துடாதே" என்றேன். அவள் மகள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டாள். பதில் என் வாய்வரை வந்தது. அது உன் பதில், அதனால் சொல்லவில்லை.

அம்மாவுக்கு மீனா பஜாரில் ஒரு குடை வாங்கியிருக்கிறேன். பெரியது, கறுப்பு, இரண்டு பேர் நிற்கலாம். கூடவே மடக்கு நாற்காலி ஒன்று, தண்ணீர்க் குப்பி ஒன்று. பெட்டியில் இவற்றுக்கு இடம் பண்ணுவதற்குள் இரண்டு புடவைகளை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. வரிசையில் அவர்கள் பக்கத்தில் நிற்பேன். வாசலோடு என்னை நிறுத்திவிடுவார்கள், தெரியும். வெளியே வந்ததும் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்க மாட்டேன்.

இனிமேல் வெயில் என்று சொல்லட்டும், பார்க்கிறேன்.