நேராக உழாத குதிரை

ஓஹாயோ, அக்டோபர் 1842

அன்புள்ளவளே,

கூடாரம் நேற்று ஏலத்தில் போனது. மூன்று வண்டியில் தொடங்கி முப்பது வண்டியாக வளர்ந்த நம் சர்க்கஸில் இனி எதுவும் மிச்சமில்லை. வெள்ளைக்குதிரையை ஹாஸ்கின்ஸ் என்ற விவசாயி உழவுக்கு வாங்கிக்கொண்டார்.

உன் அக்கா வீட்டில் குளிர் ஆரம்பித்துவிட்டதா?

இன்று காலை ஹாஸ்கின்ஸ் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். வயல் முழுக்க வட்டம் வட்டமாக உழவுச்சால் கிடந்தது. "என்னய்யா, உழச் சொன்னா ஊர்கோலம் போகுது உம்ம குதிரை! நேராவே போகாதா?" என்று சிரித்தார். பதினொரு வருடம் அதை இடப்பக்கமாகவே சுற்றப் பழக்கியவன் நான். நானும் சிரித்துவைத்தேன்.

"அதுகூடப் பரவாயில்ல. ஒவ்வொரு சுத்துலயும் ஒரே எடத்துல நின்னுடுது. காலு கீலு நோவுதா?"

காலில் ஒன்றுமில்லை. ஆட்டத்தில் நம் மகள் லவீனியா ஓடிவந்து தாவி ஏறும் இடம் அது. ஜூலையில் அவளைப் புதைத்த மறுநாளே அடுத்த ஊரில் ஆட்டம் நடத்தினேன். அன்றும் அது அப்படித்தான் நின்றது. நான் சாட்டையை வீசினேன். நீ வண்டியைவிட்டு இறங்கிப் போனதும் அன்றுதான்.

"நின்னா ரெண்டு அடி போடலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க," என்றேன். "கொஞ்ச நேரம் பாக்கும். யாரும் வரலைன்னா அதுவே போயிடும்."

உன் கணவன்