என் மசாஜ் நிலையத்துக்கு வைத்த சீலும் அதன்பின் விழுந்த அடியும்

அனுப்புநர்:
பெண்கள் மசாஜ் நிலையம் நடத்துபவர்,
மருந்துக்கடை மாடி, பேருந்து நிலையப் பின்தெரு.
(தற்சமயம் அரசு மருத்துவமனை எலும்பு முறிவுப் பிரிவில்)

பெறுநர்:
நகர சுகாதார அதிகாரி அவர்கள்.

பொருள்: என் நிலையத்துக்குச் சீல் வைத்த தேதியைக் காவல்துறைக்குத் தெரிவிக்கவும், மசாஜ் தொழிலுக்கு உரிமமும் விதிகளும் ஏற்படுத்தவும் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என்னிடம் வருபவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர். நாள் முழுக்க நின்றே கால் வீங்கிய துணிக்கடைப் பெண்கள், தையல்காரர்கள், பிள்ளையைச் சுமந்து தோள் இறுகிய தாய்மார்கள். முறையாகப் பயின்று சான்றிதழ் பெற்றே இத்தொழிலைச் செய்கிறேன். உரிமம் கேட்டுத் தங்கள் அலுவலகம் வந்தபோது, "மசாஜுக்குன்னு தனியா லைசென்ஸ் கிடையாதும்மா, அழகு நிலையம்னு போட்டுக்கோங்க" என்றார் எழுத்தர். பொய் எழுத மனம் வரவில்லை.

2. கழுத்துவலிக்காக ஓர் ஆசிரியை வந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவர் முதுகில் கைவைக்க இடமில்லை. பெல்ட் கொக்கி பதிந்த தடங்கள், சில ஆறியவை, சில சீழ் வைத்தவை. "படியில விழுந்துட்டேன்க்கா" என்றார். எந்தப் படியிலும் கொக்கி இருப்பதில்லை ஐயா. எண்ணெயைத் தொடாமல், துண்டைப் போர்த்தி, மருத்துவரிடம் அனுப்பினேன்.

3. அது அவர் கணவருக்குத் தெரிந்துவிட்டது. மாடியேறி வந்தார். படுத்திருந்த பெண் சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினார். "டாக்டருக்கு வழி காட்டுன கை இதுதானே?" என்று கேட்டு, என் வலது கையை வாசல் நிலையில் அழுத்தி, இரும்புக் கதவை அறைந்து சாத்தினார். திறந்து, மறுபடி சாத்தினார். மருந்துக்கடைக்காரர் வந்து இழுக்கும்வரை நிறுத்தவில்லை. மூன்று விரல்கள் இனி மடங்கமாட்டா.

4. எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோதே, மனைவியின் முதுகைப் புண்ணாக்கியது என் மசாஜ்தான் என்று தங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், உரிமம் இல்லையென்று சீல் வைத்தீர்கள். என் தங்கை புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்திலோ, "லைசென்ஸ் இல்லாத கடைதானே, சமாதானமா போயிடுங்க" என்றார்கள்.

5. சீல் வைத்து ஒரு வாரம் கழித்து, ஆசிரியையை இதே பிரிவுக்குத் தூக்கிவந்தார்கள். விலா எலும்புகள் முறிந்திருந்தன. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. இதுவும் மசாஜில் வந்தது என்றே கணவர் நர்ஸிடம் சொல்லியிருக்கிறார். ஆசிரியை என் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறார். வாயைத் திறக்க முடியாமல், என் கட்டுப்போட்ட கையைப் பார்த்து அழுகிறார்.

6. சலுகை கேட்கவில்லை. பயிலாமல் கழுத்தை முறுக்குபவர்களைத் தடுங்கள். பயின்றவர்களுக்கு உரிமம் கொடுங்கள். உடம்பில் அடித்த தடம் கண்டால் புகார் செய்வது எங்கள் கடமை என்றும், புகார் செய்தவரைக் காப்பது அரசின் கடமை என்றும் விதி எழுதுங்கள்.

7. சீலை இப்போது அகற்ற வேண்டாம். அந்தக் கதவு எந்த நாளிலிருந்து பூட்டிக் கிடக்கிறது என்பதை மட்டும் காவல்துறைக்கு எழுத்தில் கொடுங்கள். வெள்ளிக்கிழமை ஆசிரியையை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அழைத்துப்போக வருபவர் அவர் கணவர். அதற்குள் தாங்கள் எழுதிவிட வேண்டும் ஐயா.

நாள்: மார்ச் 14, திங்கட்கிழமை
இடம்: பெண்கள் எலும்பு முறிவுப் பிரிவு

இவண்,
(இடது கைப் பெருவிரல் ரேகை)

நான் சொல்லச் சொல்ல எழுதியவர்: என் தங்கை