அவள் சொல்ல வேண்டிய ‘வாங்க’

12-3-1997
என் மனைவி ராசாத்தாளுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல் கம்மியதும் தாராபுரத்தில் டாக்டர் சென்னகேசவனிடம் காட்டினோம். எட்டு மாதம். ஒருமுறைகூட அவர் தொண்டைக்குள் கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை; பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்பவில்லை. “சளிதானுங்க” என்று டானிக் எழுதினார். கோயமுத்தூர் போனபோது குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. முன்பே வந்திருந்தால் குரல் தப்பியிருக்கும் என்றார்கள். நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டேன்.

19-3-1997
வக்கீல் வைக்கவில்லை. ஐந்தாவதோடு நின்றவன், அகராதி வைத்துச் சட்டப் புத்தகம் படிக்கிறேன். மருந்து கொண்டுவந்த கடைக்காரர் ரசாக், “ஏனுங்கய்யா, வக்கீலுக்குப் படிச்சுப்போட்டு அப்பறம் டாக்டருக்கும் படிப்பீங்களாட்ட இருக்குது?” என்றார்.
“அவரு படிக்காம உட்டதை ஆராச்சும் படிக்கோணுமில்லீங்க.”
மூச்சுவிடக் கழுத்தில் போட்ட துளைக்குக் கட்டும் துணியை மடித்துக்கொண்டிருந்த ராசாத்தாள் தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தம்தான் இல்லை.

2-4-1997
ராசாத்தாள் கூப்பிடுவதுபோலவே “ஏனுங்க” என்று கேட்டது. ஓடினேன். பக்கத்து வீட்டம்மா, தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டது.

20-4-1997
சென்னகேசவன் தனியாக வந்து வாசலில் நின்றார். நான் எழவில்லை. பகையாளி வந்தாலும் ‘வாங்க’ சொல்லாத வீடில்லை இது. ஆனால் சொல்கிறவள் எப்போதும் ராசாத்தாள். உள்ளேயிருந்து வந்தாள். உதடு அசைந்தது. அவர் தலை குனிந்திருந்தார், பார்க்கவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மறுபடியும் உதட்டை அசைத்தாள்.
நான் எழுந்தேன்.
“வாங்க... அவ சொல்றாளுங்க.”
தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு அவளைப் பார்த்தார். “நான் அப்பவே உள்ள பாத்திருக்கோணுமுங்கம்மா. தப்புப் பண்ணிப்போட்டேன்.”
“இதை மன்றத்துல சொல்லுவீங்களா? கேசை நான் உடமாட்டனுங்க.”
டம்ளரைக் கீழே வைத்தார். “உட வேண்டாமுங்க. சொல்றேன்.”
எழுந்தார். அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். ‘போயிட்டு வாங்க’வும் நானே சொன்னேன்.

21-4-1997
சென்னகேசவன் தான் சொன்னதை மன்றத்திலும் சொல்ல வேண்டும். மாற்றிப் பேசினால் நான் எழுந்து கேட்க வேண்டும். ராசாத்தாள் வெயில் ஏறுமுன் கொஞ்சம் நடக்க வேண்டும். கழுத்துத் துணி அலசுவது இனி நான். யார் வாசலுக்கு வந்தாலும் எழுந்து ‘வாங்க’ சொல்வது— அதுவும் நான்.